மலைமேல் கடல்மட்டக் காற்று

அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிடச் சற்று உயரம். ஆனால் ஊருக்குள் நின்று பார்த்தால் மலையூர் என்று சொல்லவே முடியாது. சப்பட்டையான தரை, கோடு போட்ட தெருக்கள். மேற்கே கிளம்பினால்தான் சங்கதி தெரியும். ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைக்குள் ஏறிக்கொண்டே போய், ஏறக்குறைய 3,400 மீட்டரில் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அதற்கும் முக்கால் கிலோமீட்டர் மேலே, லாரியும் காரும் வரிசைகட்டிப் போகிற பெருஞ்சாலை இது.

டென்வரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் நாமக்கல்காரர். வேலை கம்ப்யூட்டரில், மனசு வண்டியில். லாரிகளுக்கு நடுவே வளர்ந்ததாலோ என்னவோ, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வண்டியின் சுகதுக்கம் சொல்வார். அவரிடம் இருப்பது டொயோட்டா டண்ட்ரா பிக்கப், 5.7 லிட்டர் வி8 எஞ்சின், 381 குதிரைத்திறன். கோடை வந்தால் பின்னால் கேம்பர் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு மலையேறிவிடுவார். "சமதரையில ஒரு குறையும் இல்லீங்ண்ணா. அந்தச் சுரங்கம் கிட்ட வந்தா முக்க ஆரம்பிச்சுருது. லாரிக்காரன்கூட ஒதுங்கிப் போடான்னு ஹார்ன் அடிக்கிறான்" என்று புலம்புவார்.

வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் எஞ்சின் தின்பது பெட்ரோலைவிடக் காற்றைத்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய பதினாலே முக்கால் கிலோ காற்று வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. டென்வரில் அது 12 சொச்சம். சுரங்க வாசலில் பத்துக்கும் கீழே, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சினின் சக்தியும் அதே விகிதத்தில் இறங்கும். 381 என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும் அந்த மேட்டில் கிடைப்பது 250 பக்கம்தான். மூன்று டன் ட்ரெய்லரை வைத்துக்கொண்டு ஏறுகிறவருக்கு மீதி 130 எங்கே போனது என்ற கேள்வி வருமா வராதா?

பெட்ரோலை அதிகம் ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது. காற்றைத்தான் திணிக்க வேண்டும். திணிக்கிற யந்திரத்துக்குப் பெயர் சூப்பர்சார்ஜர். பெல்ட் போட்டு, எஞ்சினின் சுழற்சியிலேயே ஓடுகிற காற்றுப் பம்பு. டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்குப் புகைக்குழாயில் போகும் சூடான வாயு சக்தி தருகிறது. டர்போவைப் பிற்பாடு பொருத்துவதென்றால் புகைக்குழாய் முழுவதையும் பிரித்து மேய வேண்டும். சூப்பர்சார்ஜர், எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வீட்டு கராஜில் செய்யத் துணிகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

இந்தப் பம்பு காருக்காகப் பிறந்ததல்ல. இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய ஊதுபம்புதான் இதன் முன்னோர். இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதியது அது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் யோசனைக்கு காட்லீப் டைம்லர் 1885-ல் காப்புரிமை பெற்றார். பிக்கப் வண்டிகளில் கம்பெனியே மாட்டிக் கொடுத்ததும் உண்டு. 1999-ல் ஃபோர்டு விற்ற எஃப்-150 லைட்னிங் 5.4 லிட்டர் எஞ்சினோடு 360 குதிரைத்திறனில் வந்தது. நண்பரின் டண்ட்ராவுக்கே டொயோட்டாவின் பந்தயப் பிரிவான டிஆர்டி ஒரு காலத்தில் சூப்பர்சார்ஜர் விற்றது. அதைப் போட்டால் 504 குதிரைத்திறன், 550 பவுண்டு-அடி முறுக்குவிசை என்று அறிவித்திருந்தார்கள். அதை அவர்களுக்குச் செய்துகொடுத்த மேக்னசன் நிறுவனம் இப்போது தன் பெயரிலேயே விற்கிறது. 2022-லிருந்து வரும் புது டண்ட்ராவில் வி8 கிடையாது, இரட்டை டர்போ வைத்த வி6 தான். பழசை விற்றுப் புதுசு வாங்கலாமே என்றேன். நண்பர் என்னைப் பார்த்த பார்வையில், அந்த யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன்.

நண்பர் வரவழைத்த சூப்பர்சார்ஜர் கிட்டின் பெட்டிகள் வந்து இறங்கியபோதுதான் ஒன்று புரிந்தது. சூப்பர்சார்ஜர் ஒரே ஒரு பெட்டியில் இருந்தது. மற்றதெல்லாம் அதைக் கட்டுப்படுத்தி வைக்கத் தேவையான சாமான்கள்: கூடுதல் பெட்ரோல் பாய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், நீளமான பெல்ட், புல்லிகள், தனி ரேடியேட்டர் ஒன்று, அதற்கு மின்சாரத் தண்ணீர்ப் பம்பு, ஹோஸ், கிளாம்ப், ஒயர்கள். எட்டாயிரம் டாலர் அளவுக்கு ஆன இந்தக் கிட்டில் சக்தியைத் தருவது ஒரு சாமான், அந்தச் சக்தியால் எஞ்சின் சாகாமல் காப்பது மற்ற எல்லாம். கடைக்காரர்கள் விளம்பரத்தில் முதலாவதைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் எங்கள் சட்டைப்பைகளைக் காலி பண்ணச் சொன்னார். பேனா, சில்லறை, திருகாணி எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, பெட்ரோல் லைனில் தங்கியிருந்த அழுத்தத்தை இறக்கிய பிறகு பழைய மேனிஃபோல்டைத் தூக்கினோம். பிளாஸ்டிக், அத்தனை பெரிதாக இருந்தும் கனமே இல்லை. தூக்கியதும் தெரிந்தன எட்டு வாய்கள், பக்கத்துக்கு நான்கு. ஒவ்வொன்றும் நேராக வால்வுக்கும், வால்வு திறந்திருந்தால் சிலிண்டருக்கும் போகிற வழி. உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். பெரியவர் நூல் பிரியாத துணித் துண்டுகளை ஒவ்வொரு வாயிலும் திணித்தார். எட்டுத் துணிக்கும் எட்டு நிறம்! திரும்ப எடுக்கும்போது ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் எது குறைகிறதென்று உடனே தெரியவேண்டுமாம். ஐம்பது வருட அனுபவம் எங்கே ஒளிந்திருக்கும் என்றால் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே இருக்கும் வி வடிவ இடுக்கில் பல வருட மண்ணும் பைன் ஊசிகளும், எலி கொண்டுவந்த பஞ்சும் கிடந்தன. வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சி, அலுமினிய முகப்புகளைத் துடைத்து எடுக்கவே அரை நாள் போனது. பழைய கேஸ்கட்டைச் சுரண்ட நண்பர் இரும்புத் தகட்டை எடுத்தார்; பெரியவர் பிடுங்கி வைத்துவிட்டு பிளாஸ்டிக் தகட்டைக் கொடுத்தார். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் போதும், காற்று கசிய. சூப்பர்சார்ஜரை எஞ்சின் தூக்கும் கிரேனில் கட்டி மெல்ல இறக்கினோம். போல்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். டார்க் ரெஞ்சில் இன்ச்-பவுண்டு, அடி-பவுண்டு என்று இரண்டு அளவு உண்டு. இடையில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். இன்ச் கணக்கை அடிக் கணக்காக நினைத்து முறுக்கினால் அலுமினிய மரை உருவி வந்துவிடும். பெரியவர் ஒவ்வொரு போல்டுக்கும் அளவை வாய்விட்டுச் சொல்ல, நண்பர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் முறுக்கினார்.

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த யந்திரம் அழுத்தும் அளவுக்கு ஐம்பது டிகிரி செல்சியஸ் வரை கூடும். சூடான காற்று மீண்டும் மெலிந்துபோகும். அதைவிட மோசம், பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் நாக்கிங் எடுக்கும். விடாமல் நாக்கிங் எடுத்தால் பிஸ்டன் உடையும். அதனால்தான் சூப்பர்சார்ஜரின் வயிற்றுக்குள்ளேயே தண்ணீர் ஓடும் இன்டர்கூலர் இருக்கிறது. அதில் சூடான தண்ணீரைக் குளிரவைக்க, முன் பம்பரையும் கிரில்லையும் கழற்றி ஏசி கன்டென்சருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டர் பொருத்த வேண்டும். இந்தச் சுற்றில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் தண்ணீர் ஓடாது. பம்பை ஓடவிட்டு, ஹோஸ்களைப் பிசைந்து பிசைந்து குமிழி விரட்டிய வேலைதான் எல்லாவற்றிலும் சலிப்பானது. மேலே தகதகவென்று உட்கார்ந்திருக்கிற யந்திரத்தை வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். அந்த ஹோஸ்களை ஒருவரும் எடுக்கவில்லை.

பெல்ட், ஸ்பார்க் பிளக், ஒயரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் பார்த்துச் செய்கிற வேலை. கடைசியில் மிச்சமிருந்தது எஞ்சின் கம்ப்யூட்டரின் மூளை மாற்றம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கேபிளைச் சொருகிப் பழைய கோப்பை எடுத்து, கிட் கம்பெனிக்கு அனுப்பி, அவர்கள் திருத்தித் தந்ததை ஏற்ற வேண்டும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் பொறி என்கிற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அந்தக் காத்திருப்பில் நண்பர் பட்ட பாட்டைப் பரீட்சை முடிவுக்குக்கூடப் பட்டிருக்க மாட்டார்.

ஸ்டார்ட் ஆனபோது வித்தியாசமே தெரியவில்லை. அதுதான் சரி என்றார் பெரியவர். நிதானமாக ஓட்டும்போது பைபாஸ் வால்வு திறந்திருக்கும். பம்பு தள்ளும் காற்று வந்த வழியே சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டரை அமுக்கினால்தான் வால்வு மூடிக்கொண்டு காற்று எஞ்சினுக்குள் பாயும். அப்போது மெல்லிய விசில் ஒன்று எழும்பும். நண்பர் அதைக் கேட்பதற்கென்றே ஒவ்வொரு சிக்னலிலும் அமுக்கினார். பெட்ரோல் செலவு ஏறியதற்குச் சூப்பர்சார்ஜரைவிட அவர் வலது கால்தான் காரணம் என்பது என் கட்சி.

காற்றழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்து மட்டும் அவருக்கு முகம் வாடிவிட்டது. கடல்மட்டக் கணக்கில் ஆறரை பிஎஸ்ஐ காட்ட வேண்டியது, டென்வரில் ஐந்துக்குச் சற்று மேலே நின்றது. குறையொன்றும் இல்லை. இந்தப் பம்பு வெளியே இருக்கும் காற்றை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக அழுத்தும். வெளியே மெலிந்த காற்று என்றால் உள்ளேயும் அதற்கேற்ற அளவுதான். ஆனால் அந்தக் கணக்கைச் சுரங்க வாசலுக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குக் கீழே இருக்கும் அழுத்தம் எஞ்சின் வாயில் பதினாலு பக்கம் ஆகிறது. கடல்மட்டத்துக்கு வெகு அருகே. எட்டாயிரம் டாலருக்கு நண்பர் வாங்கியது பந்தய வண்டியை அல்ல. மெரினாவில் இலவசமாகக் கிடைக்கிற காற்றை மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்துக்கு வரவழைத்திருக்கிறார். ட்ரெய்லரோடு ஏறினோம். லாரிகளை விட்டு விலகி இடது பாதையில், கியரை மாற்றி மாற்றித் தவிக்காமல் வண்டி ஏறியது.

கூடவே ஒரு செலவும் வந்து ஒட்டிக்கொண்டது. டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தின் பங்குகளில் சாதாரணப் பெட்ரோல் 85 ஆக்டேன். அமெரிக்காவின் மற்ற பெரும்பாலான இடங்களில் 87. மெலிந்த காற்றில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நாக்கிங் வராது என்பது இதற்குச் சொல்லப்படும் பழைய சமாதானம். காற்றைத் திணித்த பிறகு அந்தச் சமாதானம் செல்லாது. 91-க்குக் குறைந்து ஒரு சொட்டும் போடக் கூடாது என்று டேங்க் மூடியின் உட்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது, வண்டியை இரவல் வாங்குகிறவர்களுக்காக. என்னையும் சேர்த்துத்தான்.

இன்னும் சிறிய புல்லி போட்டால் இன்னும் வேகமாகச் சுழலும், இன்னும் காற்று வரும் என்று யாரோ நண்பரின் காதில் ஓதியிருக்கிறார்கள். போடலாம். ஆனால் இன்ஜெக்டர், இன்டர்கூலர், கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் இந்தப் புல்லிக்காக அமைத்தவை. அந்த ஓதலை நான் எதிர்க்கிறேன்.

சுரங்கம் தாண்டியதும் சில்வர்தோர்ன் ஊர் வரை ஒரே இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்கென்று ஓரத்தில் சரளை மேடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே சூப்பர்சார்ஜரால் நயாபைசா பிரயோசனமில்லை. டிரைவர் கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டு, இவ்வளவு வேலைக்குப் பிறகும் ஒரு பவுண்டுகூட மாறவில்லை. வண்டி எவ்வளவு தாங்கலாம் என்று டொயோட்டா அன்று சொன்னதுதான் இன்றும். ஆகவே மலையும் ட்ரெய்லரும் இல்லாதவர்கள் இந்தப் பணத்தை வேறெதிலாவது போடுங்கள். இரண்டும் இருப்பவர்கள் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம். அதற்கு முன் வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் புது பிரேக் போட்டுவிடுங்கள்.