மற்ற நால்வர்

1986 ஏப்ரல் 20 அன்று பாஸ்டன் அணிக்கு எதிராக மைக்கேல் ஜோர்டான் 63 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் ஒருவர் எடுத்த அதிகபட்சம் இன்றுவரை அதுதான். ஆனால் அந்த ஆட்டத்தில் அவருடைய சிகாகோ அணி தோற்றது. இரண்டு முறை கூடுதல் நேரம் கொடுத்தும் 135-131 என்று பாஸ்டன் ஜெயித்தது. தொடரும் 3-0 என்று கையைவிட்டுப் போனது. ஜோர்டான் தன் முதல் கோப்பையைத் தொட இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஒற்றை ஆள் கோப்பையை வென்று தர முடியுமா என்ற வாதம் கூடைப்பந்தில் மட்டும் ஏன் ஓயாமல் நடக்கிறது? ஆட்டத்தின் அமைப்பே அப்படி. கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனாக இருந்தாலும் அவுட்டானால் பெவிலியனில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். கால்பந்தில் பத்து நிமிடம் பந்தே காலுக்கு வராமல் ஒரு ஸ்ட்ரைக்கர் நிற்கலாம். கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்தே பேர். நல்ல ஆட்டக்காரர் 48 நிமிடத்தில் 40 நிமிடம் கோர்ட்டில் இருப்பார். கூடையில் போடுவதும் அவர், தடுப்பதும் அவர், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, எம்புவதும் அவர். ஐந்தில் ஒரு பங்கு என்பது மிகப் பெரிய பங்கு. ஒரு ராத்திரி ஆட்டத்தை ஒருவரே வென்று கொடுத்ததற்கு எத்தனையோ உதாரணங்கள் உண்டு.

கோப்பை என்பது ஒரு ராத்திரி விஷயம் அல்ல. என்பிஏவில் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டம் வரை ஆட வேண்டும். முதல் ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தவரை மறுநாள் எதிரணி கோச் வீடியோவில் ஓட விட்டுப் பார்ப்பார். எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்த இடத்தில் நின்று எறிகிறார் என்று எல்லாம் குறித்துக்கொள்வார். அடுத்த ஆட்டத்தில் அவர்மேல் இரண்டு பேரை ஏவிவிடுவார். இரண்டு பேர் ஒருவரைச் சூழ்ந்தால் வேறொருவர் காவலின்றி நிற்பார். அவர் கைக்குப் பந்து போகிறதா, போனால் அவர் போடுவாரா? கோப்பை நிற்பது இந்த இடத்தில்தான்.

1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் இதற்குச் சாட்சி. கடைசி விநாடிகள், ஸ்கோர் சமம், பந்து ஜோர்டானிடம். யூட்டா அணியின் இரண்டாவது ஆள் அவரை நோக்கிப் பாய்ந்தார். ஜோர்டான் பந்தைச் சக ஆட்டக்காரர் ஸ்டீவ் கெர்ரிடம் தட்டிவிட்டார். கெர் போட்டார், சிகாகோ 90-86 என்று வென்றது. 63 புள்ளி எடுத்த இளைஞரைவிட, அந்தப் பாஸைக் கொடுத்த ஜோர்டான்தான் பெரிய ஆட்டக்காரர்.

என்பிஏவின் இன்னொரு நட்சத்திரமான வில்ட் சேம்பர்லினின் கதை இன்னும் அழுத்தமானது. 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததும் அந்தப் பருவத்தில்தான். கோப்பையோ பாஸ்டனுக்குப் போனது. பாஸ்டனின் பில் ரஸ்ஸல் வாழ்நாள் சராசரியாக 15 புள்ளிதான் எடுத்தவர். ஆனால் 13 பருவங்களில் 11 கோப்பைகள் அவர் வீட்டுக்கு வந்தன. சேம்பர்லின் முதல் கோப்பையை வென்ற 1966-67 பருவத்தில் அவருடைய சராசரி 24.1-ஆகக் குறைந்திருந்தது.

எதிர்வாதம் செய்பவர்கள் 2011-இன் டல்லஸ் அணியைக் காட்டுவார்கள். அந்த ஆண்டு லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான ஒரே டல்லஸ்காரர் டிர்க் நோவிட்ஸ்கி. இறுதிச் சுற்றில் எதிரில் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் இருந்த மியாமி. டல்லஸ் வென்றது உண்மை. ஆனால் கோப்பையை முடிவு செய்த ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் நோவிட்ஸ்கி 12 முறை எறிந்து ஒரே முறைதான் கூடையில் போட்டார். அந்த நேரத்தில் அணியைத் தூக்கி நிறுத்தியவர் சக ஆட்டக்காரர் ஜேசன் டெர்ரி. முதல் பாதியில் மட்டும் 19 புள்ளி, மொத்தம் 27. நட்சத்திரம் மங்கிய ஒரு மணி நேரத்தில் விளக்கைப் பிடிக்க ஆள் இருந்தது.

நம் நாட்டிலும் இதே பாடம்தான். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் 6 அடி 2 அங்குல உயரம், சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர், ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடியவர், 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் அணிகள் அழைத்துத் தேர்வு ஆட்டம் ஆடியவர். அப்படிப்பட்டவர் நடுவில் நின்ற காலத்திலும் ஆசியாவில் சீனா, ஜப்பான், கொரியாவை இந்தியா எட்டிப் பிடிக்க முடியவில்லை. 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில், கீது விலகிய பின் ஆடிய இந்திய அணி கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. கேரளத்தின் ஜீனா ஸ்காரியா, புனேயின் ஷிரீன் லிமாயே, குழந்தை பெற்றபின் களத்துக்குத் திரும்பிய சென்னையின் அனிதா பால்துரை எனப் பல கைகள் சேர்ந்த வெற்றி அது. பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடிய அனிதாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணி ஆண்டுக்கணக்கில் கோலோச்சியதற்கும் காரணம் ஒரு நட்சத்திரம் அல்ல. எல்லா மாநிலங்களிலிருந்தும் நல்ல ஆட்டக்காரிகளை எடுத்து வேலை கொடுத்தது ரயில்வே. சம்பளம் உறுதியானால் மாலைப் பயிற்சியும் உறுதி.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி வேறு: மற்ற நால்வர் எங்கிருந்து வருகிறார்கள்? மும்பையில் அதற்குப் பதில் நாக்பாடா. நெருக்கடியான அந்தப் பேட்டையிலிருந்துதான் இந்திய அணியின் தலைவரும் 1970-இன் அர்ஜுனா விருதாளருமான அப்பாஸ் முந்தசிர் வந்தார். அவர் ஒருவர் மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாக நாக்பாடா ஆட்டக்காரர்களைத் தந்தது. தெருக்களுக்கு நடுவே ஒரு கோர்ட், அதில் சின்னவனை அதட்டிச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அதே மும்பையின் டிராம்பே பக்கத்து மக்களுக்கு நாக்பாடா அந்நியம் அல்ல. சியோன்-டிராம்பே சாலையில் தேவ்னாரில் நிற்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-இல் பிறந்தது நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸில்தான். இன்னும் உள்ளே போனால் தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப். அணுசக்தி மையத்துக்கு அருகிலிருந்த ஜனதா காலனியை 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் இடித்து, மக்களை ஏற்றி வந்து இறக்கிய இடம் அது. கூடைப்பந்துக்கு வெளியேயும் இதே பாடம்தான்: அந்தக் காலனியின் நட்சத்திரம் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். குப்பை அள்ள மாநகராட்சி வராதபோது அவர் தனியாகப் போய் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைச் சுமக்க வைத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார். பின்னாளில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டி, 2000-இல் மகசேசே விருது பெற்றபோதும் அவர் பின்னால் ஆயிரக்கணக்கான பெண்களின் சேமிப்புக் குழுக்கள் இருந்தன.

செம்பூரிலும் டிராம்பேயிலும் பிள்ளைகளைக் கூடைப்பந்துக்கு அனுப்பும் அப்பா அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை மட்டும் மின்ன வேண்டும் என்று பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் கோர்ட்டிலிருந்து இழுத்துவிடாதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளை. சொல்லிக்கொடுக்கும் கோச்சுகள் உயரமான பையனிடமே எப்போதும் பந்தைக் கொடுக்கச் சொல்வதை விட்டுவிட்டு, ஐந்தாவது பிள்ளைக்கும் எறியக் கற்றுக்கொடுங்கள்.