அச்சிடாத நாள்களின் மை

இங்க்ஜெட் புகைப்பட அச்சுப்பொறி வைத்திருக்கும் ஆய்வாளர் நண்பர்களே, வாங்கிய மையில் எவ்வளவு தாளைச் சேர்ந்தது என்று எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா? 2013இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் பார்த்தது. தொடர்ந்து அச்சிடாமல் விட்டுவிட்டு அச்சிட்டபோது, பல பொறிகளில் மையில் பாதியோ அதற்கும் குறைவோதான் தாளுக்கு வந்தது. சிலவற்றில் 20 முதல் 30 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி, பொறி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதில் போயிற்று.

எனக்கு இது வெறும் வீட்டுச் செலவுக் கணக்கு அன்று. மடிவாளம் சோமேசுவரர் கோயில், தொம்மலூர் சொக்கநாதர் கோயில் போன்ற பெங்களூரின் பழைய கோயில்களிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் படமெடுத்துப் படித்துவருகிறேன். படத்தைத் திரையில் பெரிதாக்கலாம். ஆனால் ஐயமான எழுத்தின்மேல் பென்சிலால் கோடிட்டு, சில நாள் கழித்துப் பார்த்து, அழித்து மீண்டும் எழுதத் தாள்தான் வேண்டும். கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். இந்த நிலையில் மைத்துளைகள் சில அடைத்துக்கொண்டால் படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு விழும். அது கல்லின் கீறலா, உளியின் தடமா, அச்சின் குறையா? எனவே சுத்தமே வேண்டாம் என்று பொறியைத் தடுக்க முடியாது. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் வண்ணத்துக்கு ஒன்றாகக் கார்ட்ரிட்ஜ் வாங்கவும் முடியாது.

பொறியின் தரப்பிலும் நியாயம் உண்டு. மையில் பெரும்பகுதி நீர். துளைகளோ தலைமயிரின் தடிமனைவிட நுண்ணியவை. துளைவாயில் நீர் ஆவியானால் மை கெட்டிப்படும். ஆகவே, கடைசியாக அச்சிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கு வைத்துக்கொண்டு, பம்பினால் மையை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சுப்பட்டையில் கொட்டிவிடுகிறது. கடலிலிருந்து விலகி, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரில், பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை பகற்காற்று உலர்ந்தே இருக்கும். மைக்கு அது ஆகாத பருவம்.

‘சுத்தம் செய்யப்படுகிறது’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடர்தான் அப்போது திரையில் தோன்றும். மொழியியல் படித்தவருக்கு அந்தத் தொடரில் இல்லாதவைதாம் கண்ணில் படும். செயப்பாட்டு வினை, செய்பவர் யாரென்ற குறிப்பில்லை. ‘எதைக் கொண்டு’ என்ற மூன்றாம் வேற்றுமையும் இல்லை. ‘நீ விலைகொடுத்து வாங்கிய மையைக் கொண்டு’ என்று அங்கே எழுதியிருந்தால், நாம் அந்தப் பொத்தானை இவ்வளவு எளிதாக அழுத்தமாட்டோம்.

செய்யக்கூடியவை சில உண்டு. சுவர் சுவிட்சை அணைப்பதற்கு முன் பொறியின் சொந்தப் பொத்தானால் அணைக்க வேண்டும். அப்போதுதான் மைத்தலை ரப்பர் மூடியின்மேல் சரியாக அமரும். அச்சிடும் நடுவில் மின்சாரம் போனால் மைத்தலை திறந்தபடியே நின்று உலரும். வாரம் ஒருமுறை எல்லா வண்ணங்களும் கலந்த சிறு படமொன்றை அச்சிட்டால், செலவாகும் மை சொற்பம்; அது தாளிலாவது சேரும். சுத்தம் செய்வதற்கு முன் துளைச் சோதனைத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் மை மிகக் குறைவு. வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள பொறிகளில், விடுபட்ட வண்ணத்தை மட்டும் சுத்தம் செய்யலாம். ஒருமுறைக்குச் சரியாகாவிட்டால் சில மணி நேரம் சும்மா விடுவது நல்லது. காற்றுக்குமிழ்தான் காரணமென்றால் அது தானே அடங்கிவிடும். கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது பல பொறிகள் மற்ற வண்ணங்களையும் சேர்த்தே உறிஞ்சுவதால், முடியும் தறுவாயில் இருக்கும் இரண்டை ஒரே நேரத்தில் மாற்றுவது மிச்சம்.

வீணான மையோடு கதை முடிவதில்லை. பஞ்சுப்பட்டையில் எவ்வளவு மை சேர்ந்தது என்பதைப் பொறி எண்ணிக்கையால் மதிப்பிடுகிறது. எண் எல்லையைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிடுகிறது. பட்டையை நாமே மாற்றும் வசதி சில பொறிகளில் மட்டுமே உண்டு. மற்றவை பழுதில்லாமலே பழைய சாமானாகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் அச்சுப்பொறியையும் கார்ட்ரிட்ஜையும் மின்கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. தெருக்குப்பையில் போடவும் கூடாது.

ஆனால் தனிமனிதச் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. இந்த வீணடிப்பு அதிகம் அச்சிடுபவரைவிடக் குறைவாக அச்சிடுபவரையே கூடுதலாகத் தண்டிக்கிறது. ஐந்து ஆய்வாளர்கள் ஐந்து பொறிகளை வாங்கி மாதமொருமுறை இயக்கினால் ஐந்தும் தம்மைத் தாமே கழுவிக்கொண்டிருக்கும். ஒரே பொறியை ஐவரும் முறைவைத்துப் பயன்படுத்தினால் அது சும்மா இருக்கும் நாள்கள் குறையும், கழுவலும் குறையும். துறைக்கு ஒரு பொறி, அதன் அருகே ஒரு பதிவேடு, தாளையும் மையையும் பகிர்ந்துகொள்ள ஓர் ஒப்பந்தம்: இவ்வளவு போதும்.

உற்பத்தியாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு கார்ட்ரிட்ஜுக்கு இத்தனை பக்கம் என்று அவர்கள் அறிவிக்கும் எண்ணிக்கைக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ/ஐஈசி 24711 தரமுறை, தொடர்ச்சியாக அச்சிட்டு அளப்பது. மாதத்துக்கு நான்கு படம் அச்சிடும் மாணவர் அந்த எண்ணுக்குள் இல்லை. பொறிக்குத் தான் உறிஞ்சிக் கொட்டிய மையின் கணக்குத் தெரியும்; பட்டை நிறைந்ததென்று நிற்பதே அந்தக் கணக்கை வைத்துத்தான். அதே கணக்கை நமக்கும் திரையில் காட்டட்டும்.