ஓய்வும் நம் உரிமைதான்: ஒரு கரீபியன் தீவிலிருந்து

எங்கள் வீட்டில் பயணம் என்றால் நான்கே காரணங்கள்தான். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கரும்பு வெட்டு. அப்பாவும் அம்மாவும் வருடத்தில் ஐந்தாறு மாதம் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். மேஸ்திரி கொடுத்த முன்பணம் கழிகிறவரை ஊர் திரும்ப முடியாது. சும்மா ஓர் இடத்துக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவது என்ற வழக்கமே எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. அதனால்தான், நண்பர்களோடு ஒன்பது நாள் குவாதலூப் போகிறேன் என்று போனில் சொன்னபோது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க நமக்கு யாரு இருக்கா?"

பாரிஸில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலையில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. கூட வேலை செய்யும் மூன்று பேரோடு கிளம்பினேன். ஒரு தோழி குவாதலூப்பில் பிறந்தவள். ஒரு நண்பன் மாலி நாட்டிலிருந்து வந்த பெற்றோருக்குப் பாரிஸ் புறநகரில் பிறந்தவன். இன்னொருத்தி பிரெஞ்சுக் கிராமத்து விவசாயக் குடும்பம். கரீபியன் கடலில் இருந்தாலும் குவாதலூப் இன்றும் பிரான்ஸின் ஒரு மாவட்டம். பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கும் மேல் பறந்து இறங்கினால் அங்கேயும் யூரோதான், அதே தபால் பெட்டிதான். சேந்த்-ஆன் என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து நாலு பேரும் செலவைப் பிரித்துக்கொண்டோம்.

முதல் நாள் ஒரு புகைப்படம் போட்டேன். பழைய தோழர் ஒருவர் குழுவில் எழுதினார்: "ஊர்ல சனம் செத்துக்கிட்டிருக்கு, தோழருக்கு பீச் கேக்குதா?" அவர் மீது கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வி உங்களில் பலருக்குள்ளும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

சேந்த்-ஆனிலிருந்து உள்ளே போனால் சாலையின் இருபுறமும் கரும்பு. மார்ச் மாதம், அறுவடைக் காலம். பிரெஞ்சுத் தோழி "எவ்வளவு அழகு" என்று சொல்லி வண்டியை நிறுத்தச் சொன்னாள். எனக்கு முதலில் கையில் அரிப்புதான் எடுத்தது. கரும்பின் சுணை, கத்தி மாதிரி அறுக்கும் தோகை, இடுப்பு ஒடியும் வேலை எல்லாம் அப்பாவின் உடம்பில் பார்த்தவை. இன்று அங்கே பெரும்பாலும் இயந்திரம் வெட்டுகிறது. ஆனால் அந்த வயல்களை உருவாக்கியது ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்ட அடிமைகளின் உழைப்பு. 1685இல் பிரெஞ்சு மன்னர் போட்ட 'கறுப்புச் சட்டம்' அவர்களை அசையும் சொத்து என்று எழுதியது. புரட்சிக்குப் பின் 1794இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1848இல்தான் அது நிரந்தரமாகப் போனது. அடுத்த ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இழப்பீடு போனது முதலாளிகளுக்கு. முதுகில் சவுக்கடி வாங்கியவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானின் வயலில் பழைய கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் கப்பல்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தன. 1854 முதல் 1889 வரை சுமார் 42 ஆயிரம் இந்தியர்கள் குவாதலூப்பில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முன்பணம், கழியாத கடன். என் அப்பாவின் கைரேகை வாங்கிய மேஸ்திரி நோட்டுக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அம்மாவின் கேள்விக்கு விடை காப்பெஸ்தேர் என்ற ஊரில் கிடைத்தது. அங்கே சாங்ஜி என்ற இடத்தில் ஒரு கோயில், நம்மூர் கோபுரத்தின் அதே வண்ணங்களோடு. தோழியின் தாய்வழிப் பாட்டி அந்தப் பக்கம். குடும்பத்தில் ஆப்பிரிக்க ரத்தமும் தமிழ் ரத்தமும் கலந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அருகிலிருந்த ஒரு சிறிய கோயிலின் பூசைக்கு எங்களை அழைத்துப் போனார்கள். மாரியம்மனை 'மாலியேமின்' என்கிறார்கள். மதுரை வீரனும் இருக்கிறார், பெயர் மட்டும் பிரெஞ்சு நாக்கில் தேய்ந்துபோயிருக்கிறது. வாசலில் வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்த அந்த வட்டப் பறையைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டேன். "தப்பு" என்றார் அடிக்கிறவர்.

தோழர்களே, அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் கௌரவமாக உச்சரித்து நான் கேட்டதில்லை. என் தாத்தா தப்படித்தவர். சாவு வீட்டில் அடித்துவிட்டு வாசலுக்கு வெளியே தனியாகச் சோறு வாங்கியவர். இங்கே அதை அடித்த இளைஞர் சுருட்டை முடிக்காரர், தமிழ் ஒரு வாக்கியம் தெரியாது. பூசை முடிந்ததும் வாழையிலை போட்டார்கள். பூசாரி, தப்படித்தவர், நாங்கள் நாலு பேர், எல்லோரும் ஒரே வரிசை. ஆட்டுக்கறிக் குழம்புக்கு அங்கே பெயர் 'கொலம்போ'. நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கடல் தாண்டியதும் சாதி செத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு பூசையைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் சாதியைக் காக்கத் தனித் தெரு வேண்டும், தனிக் கிணறு வேண்டும், தனிச் சுடுகாடு வேண்டும். ஒரே கொட்டடியில் அடைக்கப்பட்டவர்களால் அதையெல்லாம் கட்டிக் காக்க முடியாது. சாதி இயற்கை இல்லை, பராமரிப்பு தேவைப்படும் ஓர் ஏற்பாடு என்று பாபாசாகேப் நமக்குச் சொல்லிக்கொடுத்ததை அந்த இலை வரிசையில் உட்கார்ந்துகொண்டு நினைத்துப் பார்த்தேன்.

அதே காப்பெஸ்தேரில் பிறந்தவர்தான் ஆன்றி சிதம்பரம். கூலிகளின் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் சட்டப் போராட்டத்தைத் தொடங்கினார். 1923இல்தான் அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியானது. பத்தொன்பது வருடம்! ஒரு வழக்கு இரண்டு வருடம் இழுத்தாலே சோர்ந்துபோகும் நாம் அவரைப் படிக்க வேண்டும்.

இனி கடலுக்கு வருகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர்க் கிணறுகளெல்லாம் ஊர்த்தெருக்காரர்களுடையவை. சேரிப் பிள்ளைகள் இறங்கினால் அடி விழும். ஏரியில் இறங்கினாலும் மாடு குளிப்பாட்டும் பக்கம்தான். சேந்த்-ஆனில் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. மாலி நண்பன் என் முதுகுக்குக் கீழே கையை வைத்து மிதக்கக் கற்றுக்கொடுத்தான். மூன்றாம் நாள் கையை எடுத்துவிட்டான், நான் மிதந்துகொண்டிருந்தேன். தண்ணீரில் இறங்க எங்கள் பெயரோ தெருவோ யாருக்கும் தேவைப்படவில்லை.

அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர் காலத்திலேயே இந்தத் தீவுகளின் கரையோரம் 'ஐம்பது அடிவைப்பு' அளவுக்கு, அதாவது 81.20 மீட்டர் அகலத்துக்கு, அரசுக்கென ஒதுக்கப்பட்டது. அன்றைய நோக்கம் ராணுவப் பாதுகாப்பு. அடிமைமுறை ஒழிந்தபின் நிலமற்றவர்கள் பலர் அந்தப் பட்டையில்தான் குடிசை போட்டார்கள். 1986இன் கடலோரச் சட்டம் அதைப் பொதுச்சொத்தில் சேர்த்தது. விடுதி எவ்வளவு பெரிதானாலும் மணல் எல்லோருக்கும் பொது. தண்ணீர் பொது என்று நிறுவ பாபாசாகேப் 1927இல் மகாடுக்கு நடந்து போக வேண்டியிருந்ததை அந்த மணலில் உட்கார்ந்து நண்பர்களுக்குச் சொன்னேன். அவர்கள் சவுதார் குளம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். விடியும்வரை பேசினோம்.

தீவு சொர்க்கமும் இல்லை. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து மண்ணிலும் தண்ணீரிலும் இன்னும் இருக்கிறது. பத்தில் ஒன்பது பெரியவர்களுக்கு மேல் ரத்தத்தில் அதன் தடயம் உண்டு. பிரான்ஸில் 1990இலேயே தடைசெய்த மருந்தை இந்தத் தீவுகளில் மட்டும் மேலும் மூன்று வருடம் அனுமதித்தார்கள். யார் உடம்பு மலிவு என்று அரசுகளுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. 2009இல் விலைவாசிக்கும் சுரண்டலுக்கும் எதிராக 44 நாள் பொதுவேலைநிறுத்தம் நடத்திய சனமும் இதே சனம்தான். தோழியின் அம்மா அந்த 44 நாளும் தெருவில் நின்றவர். இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் கடலில் குளிக்கிறார். அவருக்கு அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

குழுவில் கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான். பிரான்ஸ் தொழிலாளர்கள் 1936இல் வேலைநிறுத்தம் செய்துதான் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையை வாங்கினார்கள். இந்தியாவில் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரும் திருத்தம் 1945இல் சட்டமானது. அந்த மசோதாவைச் சபையில் முன்வைத்த தொழிலாளர் துறை உறுப்பினர் டாக்டர் அம்பேத்கர். தீண்டாமைக்கு எதிராகவும் அரசியல் பிரதிநிதித்துவத்துக்காகவும் போராடிய அதே மனிதர் தொழிலாளியின் ஓய்வுக்கும் சட்டம் எழுதினார். வயலில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு அது இன்றும் வந்து சேரவில்லை. அதைக் கேட்டு வாங்குவதும் நம் இயக்கத்தின் வேலைதான்.

தம்பி தங்கைகளே, இரவு முழுக்க உண்மையறியும் குழு அறிக்கை தட்டச்சு செய்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போகிறீர்கள். பிரேதப் பரிசோதனை அறைக்கு வெளியே நின்றுவிட்டு மாலையில் ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறீர்கள். உடைந்துபோய் இயக்கத்தை விட்டே போன நல்ல தோழர்களை எனக்குத் தெரியும். கரீபியன் போகச் சொல்லவில்லை. பக்கத்து ஏரியோ ஏலகிரியோ போதும். காசைப் பிரித்துக்கொள்ளுங்கள், நண்பர்களோடு போங்கள், இரண்டு நாள் போனை அணைத்து வையுங்கள். யாராவது ஏன் என்று கேட்டால் 1945 சட்டத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் நீச்சலும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.