ஆறு நட்சத்திரம்

முருகனுக்குப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரை உங்களுக்குத் தெரியும். வானத்தில் கொத்தாக மினுக்கும் அந்தக் கார்த்திகை நட்சத்திரத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘சுபாரு’ என்று பெயர். அதே பெயரில் ஒரு கார் இருக்கிறது. அதன் சின்னத்திலும் ஆறு நட்சத்திரம்தான்: பெரிசாக ஒன்று, சின்னதாக ஐந்து. 1953-ல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஒன்றானதற்கு அடையாளம்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாதிரி பனி கொட்டும் பிரதேசங்களில் தடுக்கி விழுந்தால் சுபாரு. அந்தப் பக்கம் இருக்கும் என் அக்கா பையனிடம், “ஏண்டா, ஊரோடு ஒத்து டொயோட்டா வாங்கக் கூடாதா?” என்றேன். “ஜனவரியில வந்து பாருங்க மாமா. அப்புறம் கேளுங்க” என்றான்.

கணக்கைப் பாருங்கள். டொயோட்டா வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி வண்டி விற்கிறது. சுபாரு உலகம் பூராவும் சேர்த்து 10 லட்சத்தைத் தொட்டாலே திருவிழா. புது எஞ்சின் செய்கிற செலவை ஒருவர் கோடியால் வகுக்கிறார், மற்றவர் லட்சங்களால். விலையில் மோதினால் சின்னவன் காலி.

1991-ல் ஆடம்பரமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டு, ‘நானும் பெரிய ஆள்தான்’ என்று காட்டப் பார்த்தார்கள். எடுபடவில்லை. அமெரிக்காவில் விற்பனை வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சமாகச் சுருங்கியது. அப்போதுதான், ‘நம்மிடம் உருப்படியாக என்ன இருக்கிறது?’ என்று யோசித்தார்கள். இருந்தது ஆல் வீல் டிரைவ். எஞ்சினின் விசை நாலு சக்கரத்துக்கும் போகும். பனியிலும் சேற்றிலும் அவ்வளவு சுலபமாக வழுக்காது. இதற்காகக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் யார் என்று தேடியதில் ஐந்து கூட்டம் அகப்பட்டது. ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், கம்ப்யூட்டர்காரர்கள், காடு மலை என்று சுற்றுபவர்கள். ஐந்தாவது, பெண்ணைக் காதலிக்கும் பெண்கள்.

1990-களில் பெரும்பாலான கம்பெனிகள் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்தன. சுபாரு இவர்களுக்கென்றே விளம்பரம் செய்தது. 2000-ல் டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவாவையே விளம்பரத்தில் நடிக்க வைத்தது. மற்ற வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போயிருந்தால் கம்பெனி மூழ்கியிருக்கும். போகவில்லை. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நோட்டீஸ் கொடுத்த வருஷம், அமெரிக்காவில் சுபாருவின் விற்பனை ஏறியது. 2019-ல் அங்கே ஏழு லட்சம்!

வீரக்கதை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020-லிருந்து சுபாருவில் 20 சதவிகிதப் பங்கு டொயோட்டாவிடம். 2022-ல் வந்த அதன் எலெக்ட்ரிக் காரும் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து செய்ததுதான். தனியாகத் தாங்குகிற செலவில்லை. பெரியவரோடு போட்டி போடும்போதே அவர் தோளையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆல் வீல் டிரைவ் இன்றைக்கு எல்லாக் கம்பெனியிடமும் கிடைக்கிறது. அதைக் காப்பியடிப்பது சுலபம். ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில் ஒருத்தன் மட்டும் ‘வாங்க, உட்காருங்க’ என்று சொன்னானே, அதை எப்படிக் காப்பியடிப்பீர்கள்?