முட்டுக்கட்டை

நல்ல முறையில் நடந்துகொண்டிருக்கும் காரியத்தை ஒருவர் இடையில் தடுத்தால், ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்கிறோம். ஆங்கிலேயரோ, ‘ஓடும் இயந்திரத்தில் பிசினை அப்பிவிட்டார்’ எனும் பொருளில் பேச்சு வழக்கில் கூறுவர். பால்மரக் காட்டில் வளர்ந்த எங்களுக்கு அத்தொடரின் கருத்து எளிதில் விளங்கும்.

புக்கிட் பெருந்துங் வட்டாரத்தில் எங்கள் பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, குளிர்ந்த வேளையிலேயே மரம் வெட்டினர். வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறைந்துவிடும். மங்கிலோ வாளியிலோ அழுக்கிருந்தால் நுண்ணுயிர்கள் பெருகி, பால் ஸ்டோரை அடையுமுன்பே உறைந்துவிடும். அதனைத் தடுக்கச் சிறிது அம்மோனியா சேர்ப்பதுண்டு. வழியில் உறைந்த பால் நல்ல தகடாகாது. ஒட்டுப்பாலோடு சேர்ந்து குறைந்த விலைக்கே போகும். ஆதலால், “மங்கைத் துடைத்து வையுங்கள்” என்று அம்மா எங்களுக்கு இட்ட கட்டளையில் வீட்டின் அரிசிச் செலவும் அடங்கியிருந்தது. ஆயினும், ஸ்டோரை அடைந்த அதே பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்து, வேண்டுமென்றே உறைய வைப்பர். உறையாவிட்டால் ரப்பர்த் தகடு ஏது?

முட்டுக்கட்டையும் இத்தகையதே. தமிழகக் கோயில்களின் தேரோட்டத்தில், சக்கரத்தின் அடியில் கட்டை இடுவோர் தேருக்குப் பகைவர் அல்லர். அக்கட்டையைக் கொண்டே தேரைத் திருப்புகின்றனர், நிறுத்துகின்றனர், வடம் பிடிப்போரைக் காக்கின்றனர்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கேட்டனர். போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். அன்றைய ஆட்சியாளரின் கண்ணுக்கு அது வெறும் முட்டுக்கட்டை. மிதிவண்டியில் நிமிர்ந்து செல்ல விரும்பிய மனிதனுக்கோ அது மானத்தின் குரல்.

இன்று இவ்வட்டாரத்தில் பால்மரங்கள் இருந்த இடங்களில் செம்பனையும் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. முட்டுக்கட்டை என்னும் சொல் மட்டும் நம்மிடையே நிலைத்திருக்கிறது.

அன்பு மாணவர்களே! தோழனின் முன்னேற்றம் பொறுக்காமல் இடும் கட்டை, வாளிப் பாலில் விழுந்த அழுக்கைப் போன்றது. எளியவன் மிதிபடாமல் காக்க இடும் கட்டை, தேர்க்கட்டையைப் போன்றது. எதையும் தடுக்க முனையுமுன், அதனால் யார் காக்கப்படுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.