ஆய்வாளரின் இரண்டாவது நோட்டு

முனைவர் பட்ட ஆய்வு செய்பவரின் மேசையில் பெரும்பாலும் ஒரு நோட்டுதான் இருக்கும். படித்த கட்டுரைகள், எடுத்த பேட்டிகள், நெறியாளர் சொன்ன திருத்தங்கள் எல்லாம் அதில் ஏறும். ஆய்வாளரின் எரிச்சலும் சலிப்பும் மட்டும் ஏறாது. அவற்றுக்கு இன்னொரு நோட்டு வேண்டும். ஏன் என்பதற்கு மானிடவியலில் ஒரு கதை உண்டு.

போலந்துக்காரரான மாலினோவ்ஸ்கி நியூ கினி பக்கம் ஆய்வுக்குக் கிளம்பிய 1914-ல்தான் முதல் உலகப் போரும் மூண்டது. ஆஸ்திரியப் பேரரசின் குடிமகன் என்பதால் ஆஸ்திரேலியாவுக்கு அவர் எதிரி நாட்டவர். ஆனாலும் ஆய்வைத் தொடர அனுமதி கிடைத்தது. ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஊருக்குள்ளேயே கூடாரம் அடித்து, அந்த மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டு தங்கினார். 1922-ல் வந்த அவருடைய புத்தகம் களப்பணிக்கே இலக்கணமாகிப் போனது. கண்டதை நாள்தோறும் ஒழுங்காகக் குறித்துவைக்கச் சொன்னதும் அதே புத்தகம்தான்.

அவரிடம் வேறொரு டைரியும் இருந்தது. போலிஷ் மொழியில், தனக்கென்று எழுதியது. அவர் 1942-ல் இறந்தார். 1967-ல் அவர் மனைவி அதை அச்சில் கொண்டுவந்தபோது படித்தவர்கள் அதிர்ந்து போனார்கள். தீவு மக்கள் மேல் கோபம், இழிவான வார்த்தைகள், உடம்பைப் பற்றிய பயம், வேலையைப் போட்டுவிட்டு நாவல் படித்ததற்கான குற்ற உணர்ச்சி, காதலியைப் பிரிந்த ஏக்கம். கடைசிப் பக்கங்களில், 1918-ல் அம்மா இறந்த செய்தி கேட்ட துக்கம்.

இது இரட்டை வேடமா? அப்படிச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கோபம் எழுதியதால் வந்ததில்லை. எழுதாவிட்டாலும் அது இருந்திருக்கும். அவருடைய இரண்டு நோட்டுகளும் ஒன்றோடொன்று பேசவில்லை என்பதுதான் குறை.

இன்று பண்புசார் ஆய்வு செய்யும் மாணவர்களை ஒரு சிந்தனைக் குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வீட்டில் பேட்டி சரியாக அமையவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் நோட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அன்று ராத்திரி இரண்டாவது நோட்டைத் திறந்தால், 'அந்த அம்மா உலை வைத்திருந்த நேரத்தில் போய் நின்றேன். அவர் முகம் சுளித்ததில் எனக்குக் கோபம் வந்தது' என்று எழுத வேண்டியிருக்கும். எழுதிய பிறகு முதல் நோட்டில் இருக்கும் அந்த ஒரு வார்த்தையை அடிக்காமல் இருக்க முடியாது.

அந்த ஒரு அடித்தலில் ஆய்வேட்டின் ஒரு முடிவே மாறக்கூடும். தினமும் பத்து நிமிஷம் போதும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும், அதுதான் கஷ்டம்.