கேட்டால்தான் தைரியம்

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் நவம்பர் வந்தாலே எனக்கு எரிச்சல். புதிதாகப் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, "லைஃப் சர்டிபிகேட்டுக்கு என்னென்ன கொண்டு வரணும் சார்?" என்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், 'ஆதார், பி.பி.ஓ. எண், பாஸ்புக், செல்போன்' என்று பெரிதாக எழுதி வாசலிலேயே ஒட்டினேன். கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

அப்படியும் வந்து கேட்ட ஒரு அம்மாவிடம், "எழுதி ஒட்டியிருக்கே, பார்க்கலையா?" என்று சீறிவிட்டேன்.

"படிச்சேன் தம்பி. இதெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் பார்ப்பார். இப்போ அவர் இல்லை. தப்பாயிட்டா பணம் நின்னுடுமோன்னு பயம்" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். மறுநாள் அந்தத் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'சந்தேகமா? தயங்காமல் கேளுங்கள்.'